ஃபீர்ஸை மறந்தது யார்? 'செர்ரித் தோட்டம்' நாடகத்தின் முடிவு பற்றி

கேள்வி இது: "ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தை முதல் தடவையாகப் படித்து முடித்தேன். கடைசிப் பக்கத்தில் அழுகை வரும் என்றார்கள். எனக்கு வந்தது கோபம். உடம்பு சரியில்லாத 87 வயதுக் கிழவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஒரு குடும்பமே ரயிலேறப் போகுமா? நம்பும்படியாக இல்லை. போதாததற்கு, இதை நகைச்சுவை நாடகம் என்று ஆசிரியரே சொன்னாராம். இந்த முடிவை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?"

உங்களுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. அந்தப் பக்கத்தில் எனக்கும் முதலில் வருவது கோபம்தான். ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று நான்காம் அங்கத்தைத் திருப்பிப் பார்த்தால், இவர்தான் என்று கைகாட்ட ஒருவரும் சிக்கமாட்டார்கள். அந்தக் கிழவர் ஃபீர்ஸ், வீட்டின் பழைய வேலைக்காரர். அவரைப் பற்றி அந்த வீட்டில் பலரும் விசாரிக்கிறார்கள். எழுந்து போய் அவர் அறையை எட்டிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. என்னை உலுக்குவது இதுதான். அந்த அங்கத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

அக்டோபர் மாதம். கடனில் மூழ்கிய பண்ணை ஆகஸ்ட் 22ஆம் தேதி ஏலத்தில் போய்விட்டது. வாங்கியவன் லோபாகின். அவனுடைய அப்பாவும் தாத்தாவும் இதே பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். சொந்தக்காரி ரனேவ்ஸ்காயா பாரிசுக்குத் திரும்புகிறாள். அவள் அண்ணன் கயேவுக்கு ஒரு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. திரைச்சீலை கழற்றி, படங்களை இறக்கி, மூட்டை முடிச்சுகள் கட்டியாகிவிட்டது. ரயிலுக்கு இன்னும் 46 நிமிஷம்தான், 20 நிமிஷத்தில் ஸ்டேஷனுக்குக் கிளம்பியாக வேண்டும் என்று லோபாகின் அவசரப்படுத்துகிறான்.

இந்தப் பரபரப்புக்கு நடுவே மகள் ஆன்யா கேட்கிறாள், ஃபீர்ஸை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டதா என்று. வேலைக்காரன் யாஷா பதில் சொல்கிறான்: காலையிலேயே சொல்லிவிட்டேன், அனுப்பியிருப்பார்கள். ஆன்யாவுக்குத் திருப்தி இல்லை. அந்தப் பக்கமாக வந்த பண்ணைக் கணக்குப்பிள்ளை எபிகோதவிடம், கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள் என்கிறாள். யாஷாவுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. காலையில் எகோரிடம் சொன்னேனே, எத்தனை தடவை கேட்பீர்கள் என்கிறான். இந்த எகோர் நாடகத்தில் ஓரிடத்திலும் மேடைக்கு வருவதில்லை. எபிகோதவோ, இவ்வளவு வயதானவரை இனி ரிப்பேர் பண்ண முடியாது, முன்னோர்களிடம் போய்ச் சேர வேண்டியவர்தான் என்று தத்துவம் பேசுகிறான். பேசிக்கொண்டே ஒரு தொப்பிப் பெட்டியின் மேல் சூட்கேஸை வைத்து அதை நசுக்கிவிட்டு, விசாரிக்கச் சொன்னதை அதோடு விட்டுவிட்டுப் போகிறான்.

உடனே கதவுக்குப் பின்னாலிருந்து ரனேவ்ஸ்காயாவின் வளர்ப்பு மகள் வார்யாவின் குரல்: ஃபீர்ஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களா? ஆன்யா இப்போது தயங்காமல், கொண்டுபோய்விட்டார்கள் என்கிறாள். அப்படியானால் டாக்டருக்கான கடிதத்தை ஏன் எடுத்துப் போகவில்லை என்று வார்யா கேட்கிறாள். பின்னாலேயே அனுப்பிவிட வேண்டியதுதான் என்கிறாள் ஆன்யா.

உண்மை வெளியே வந்திருக்க வேண்டிய இடம் அந்தக் கடிதம். நோயாளியை அனுப்பியிருந்தால் அதுவும் கூடவே போயிருக்கும். அது இங்கேயே கிடக்கிறது என்றால் ஆளும் இங்கேதான் இருக்க வேண்டும். செகாவ் டாக்டர். ஒரு நோயாளி கவனிப்பிலிருந்து எந்த இடத்தில் நழுவுகிறார் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை.

கடைசியில் ரனேவ்ஸ்காயா சொல்கிறாள், எனக்கு இரண்டு கவலைகள், முதலாவது ஃபீர்ஸின் உடம்பு. சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறாள், இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது. ஆன்யா அம்மாவுக்கு ஆறுதல் சொல்கிறாள்: ஃபீர்ஸை அனுப்பியாகிவிட்டது அம்மா, யாஷா காலையிலேயே அனுப்பிவிட்டான்.

வரிசையைக் கவனியுங்கள். "அனுப்பியிருப்பார்கள்" என்ற ஊகம், "கொண்டுபோய்விட்டார்கள்" என்ற செய்தியாகி, "யாஷா அனுப்பிவிட்டான்" என்ற உறுதியில் வந்து நிற்கிறது. நடுவில் யாரும் தெரிந்து பொய் சொல்லவில்லை. யாஷா அலட்சியக்காரன்தான். பெற்ற தாய் வழியனுப்ப வந்து நிற்கும்போதுகூட, இவர்களோடு பெரிய தொந்தரவு என்று கையை உதறுகிறவன். ஆனாலும் அவன் சொன்னது அவனளவில் உண்மை. சொன்னான், அவ்வளவுதான். நாங்கள் சிலர் சேர்ந்து இந்த அங்கத்தை வாய்விட்டுப் படித்தபோது, நர்ஸாக வேலை பார்க்கும் தோழி ஒருத்தி கடிதம் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "வார்டுல எனக்கு ரொம்ப பயமான வார்த்தை 'சொல்லியாச்சு'. ஷிஃப்ட் மாறும்போது அதுதான் 'ஆச்சு'னு நோட்டுல ஏறிடும்" என்றாள். இந்த நாடகத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே கூர்மையான விமரிசனம் என்று இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. ஃபீர்ஸ் கடைசியில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு மேடைக்கு வரும்வரை, அவர் எங்கே என்று நீங்களாவது யோசித்தீர்களா? பெரும்பாலோர் யோசிப்பதில்லை, ஏனென்றால் செகாவ் நம் கவனத்தை வேறு பக்கம் இழுத்துவிடுகிறார். ரனேவ்ஸ்காயாவின் இரண்டாவது கவலை வார்யா. லோபாகின் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்பான் என்று வீடே நம்பிக்கொண்டிருக்கிறது. இருவரையும் தனியே விடுகிறார்கள். வார்யா எதையோ தேடுவதுபோல மூட்டைகளைக் கிளறுகிறாள். லோபாகின் குளிரைப் பற்றிப் பேசுகிறான், மூன்று டிகிரி உறைபனி இருக்கும் என்கிறான். நான் பார்க்கவில்லை, எங்கள் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது என்கிறாள் அவள். வெளியிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். அந்தக் குரலுக்காகவே காத்திருந்தவன்போல லோபாகின் ஓடிவிடுகிறான். அவள் தரையில் உட்கார்ந்து, துணிமூட்டையில் தலையைச் சாய்த்து அழுகிறாள்.

இதைப் பார்த்தபின் யாருக்கு ஃபீர்ஸ் ஞாபகம் இருக்கும்? அப்புறம் அண்ணனும் தங்கையும் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கட்டிக்கொண்டு, சத்தம் வெளியே கேட்டுவிடாமல் அழுகிறார்கள். மாணவன் த்ரஃபீமவின் காணாமல்போன ரப்பர் செருப்புகூட ஒரு சூட்கேஸுக்குப் பக்கத்தில் கிடைத்துவிடுகிறது. எல்லோரும் வந்தாயிற்றா, உள்ளே யாரும் இல்லையே என்று கேட்டுவிட்டு லோபாகின் பக்கத்துக் கதவைப் பூட்டுகிறான். அந்தக் கேள்வி நம் காதிலும் விழுகிறது. நாமும் உள்ளே ஓர் ஆள் இருக்கிறார் என்று சொல்வதில்லை. அழுதுகொண்டிருக்கிறவர்களோடு சேர்ந்து நாமும் படியிறங்கிவிடுகிறோம். உங்கள் கோபத்தில் ஒரு பங்கு இதிலிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். எனக்கு அப்படித்தான்.

நம்பும்படியாக இல்லை என்றீர்கள். இதே குறையைச் சொன்னவர்களில் பெரிய ஆள் ஒருவர் உண்டு. செகாவோடு நெருங்கிப் பழகிய ரஷ்ய எழுத்தாளர் இவான் பூனின். பண்ணை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவருக்கு இந்த நாடகமே ஒட்டவில்லை. ரஷ்யாவில் முழுக்க முழுக்க செர்ரி மரங்களாலான தோட்டம் எங்கே இருந்தது என்று கேட்டார். பழைய எஜமானி வண்டியேறுவதற்குள் லோபாகின் அவசர அவசரமாக மரம் வெட்ட ஆள் விடுவானா, மேடையில் கோடரிச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை இது என்றும் எழுதினார்.

தோட்டத்தைப் பற்றி பூனின் சொன்னதோடு எனக்கு வழக்கில்லை. கோடரி விஷயத்தில் அவர் பக்கம் நிற்க மாட்டேன். அதே அங்கத்தில் ஆன்யா வந்து, நான் போகும்வரை மரம் வெட்ட வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொள்கிறாள் என்கிறாள். லோபாகின் வெட்கப்பட்டு, இந்த ஆட்களை என்ன சொல்வது என்று அதை நிறுத்த ஓடுகிறான். அதாவது அவன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். வசந்தத்துக்குள் மனையைப் பிரித்துக் கோடை விடுமுறை வீடுகளுக்கு வாடகைக்கு விட வேண்டும். அப்படிப்பட்டவன் வேலையை முந்தி ஆரம்பித்திருக்க மாட்டானா? ஃபீர்ஸ் மறக்கப்படுவது இதைவிடவும் நம்பக்கூடியது. வீடு காலிசெய்யும் நாளில் ஆளுக்கு ஒரு பொறுப்பு, எல்லோருக்கும் பொதுவானது எவருக்கும் சொந்தமில்லை.

இப்போது ஃபீர்ஸின் கடைசிப் பேச்சு. கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கிறார், பூட்டியிருக்கிறது. போய்விட்டார்கள், என்னை மறந்துவிட்டார்கள், பரவாயில்லை என்று சோபாவில் உட்காருகிறார். அடுத்த நொடியே மனம் வேறிடத்துக்குப் போய்விடுகிறது: கயேவ் ரோமக் கோட்டைப் போட்டிருக்க மாட்டார், சாதாரணக் கோட்டோடு கிளம்பியிருப்பார், நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனே, சின்னப் பையன் என்று பெருமூச்சு விடுகிறார்.

இந்தக் கோட்டு புதிதாக வந்ததில்லை. முதல் அங்கத்தில், மறுபடி வேறு கால்சட்டையைப் போட்டிருக்கிறீர்களே என்று கயேவைக் கடிந்துகொள்கிறார். இரண்டாம் அங்கத்தில், ஈரக் காற்று அடிக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்று கோட்டைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிவரை வருகிறார். மூன்றாம் அங்கத்தில், பண்ணை ஏலம் போகும் நாளில், வீடே விலை என்ன ஆயிற்றோ என்று பதறிக் கிடக்கும்போது, இவருக்கு இருக்கும் கவலை கயேவ் மெல்லிய கோட்டோடு போயிருக்கிறாரே என்பது. அந்தச் சின்னப் பையனுக்கு வயது 51. அதைக் கயேவே முதல் அங்கத்தில் சொல்கிறார். அந்த மூன்று இடங்களிலும் நமக்குச் சிரிப்பு வரும், வர வேண்டும் என்றுதான் செகாவ் எழுதியிருக்கிறார். நான்காவது தடவை அதே வார்த்தைகள் வரும்போது சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. கிழவர் மாறவே இல்லை. அவர் சொல்வதைக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நகைச்சுவை என்று செகாவ் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 1903 செப்டம்பரில், நாடகத்தை எழுதி முடிக்கும் தறுவாயில், இது சோக நாடகமாக வரவில்லை, நகைச்சுவையாக வந்திருக்கிறது, சில இடங்களில் கேலிக்கூத்தாகவே இருக்கிறது என்று கடிதம் எழுதினார். பிரதியைப் படித்த இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தேம்பி அழுதுவிட்டு, நீங்கள் என்ன சொன்னாலும் இது துயர நாடகம்தான் என்று பதில் போட்டார். மாஸ்கோ கலை அரங்கில் அவர்தான் கயேவாக நடித்தார். செகாவின் மனைவி ஓல்கா நிப்பர் ரனேவ்ஸ்காயா. முதல் காட்சி 1904 ஜனவரி 17, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி. அன்று செகாவுக்கு 44ஆம் பிறந்தநாள். மூன்றாம் அங்கத்துக்கும் நான்காம் அங்கத்துக்கும் நடுவில் அவரை மேடையேற்றிப் பாராட்டுரைகள் வாசித்தார்கள். காசநோய் முற்றி, இருமிக்கொண்டு, நிற்க முடியாமல் நின்றார். அதே வருஷம் ஜூலையில் ஜெர்மனியின் பாடன்வைலரில் இறந்துபோனார்.

இறப்பதற்குச் சில மாதம் முன்னால் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு புகார் இருக்கிறது. நான்காம் அங்கம் அதிகபட்சம் 12 நிமிஷம் ஓட வேண்டியது, உங்களிடம் 40 நிமிஷம் ஓடுகிறது, ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என் நாடகத்தைக் கெடுத்துவிட்டார் என்கிறார். முடிவைப் பற்றிய விவாதம் முழுவதும் எனக்கு இந்த இரண்டு எண்களில் அடங்கிவிடுகிறது. 40 நிமிஷத்தில் மெதுவாக, பெருமூச்சு விட்டுப் பெருமூச்சு விட்டு விடைபெற்றால், அவ்வளவு நேரம் இருந்தவர்களுக்கு ஓர் ஆளை மறக்க மனம் எப்படி வந்தது என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். உங்கள் கேள்வியும் அதுதான். 12 நிமிஷத்தில் முட்டி மோதிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, பெட்டியை நசுக்கிக்கொண்டு ஓடினால் மறதி தானாகவே நடந்துவிடும். சிரிப்பூட்டும் அந்த அமளியில்தான் கிழவர் தவறிப்போகிறார். வேகத்தைக் குறைத்தால் சோகம் கூடுவதுபோல் தெரியும், உண்மையில் காரணம் காணாமல் போய்விடும். அதனால் இந்தச் சண்டையில் நான் செகாவ் கட்சி. ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அழுததையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

பூட்டியது யார் கை என்பதையும் யோசித்துப் பாருங்கள். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இல் ஒழிந்தது. ஃபீர்ஸ் அதை விடுதலை என்று சொல்வதில்லை, பேரிடர் என்கிறார். அப்போதே தலைமைப் பணியாளாக இருந்தவர், எனக்கு விடுதலை வேண்டாம் என்று எஜமானர்களோடு தங்கிவிட்டவர். லோபாகினின் தகப்பனும் தாத்தாவும் அதே பண்ணையின் அடிமைகள். சமையலறைக்குள்கூட அவர்களை விட்டதில்லை என்று ஏலம் எடுத்த அன்று அவன் கத்துகிறான். அப்படிப்பட்டவனின் கை, தெரியாமலே, அந்தப் பண்ணையின் கடைசி அடிமையை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. பழிவாங்கலாக இருந்திருந்தால் நமக்கு எளிதாகப் புரிந்திருக்கும். அவன் பூட்டியதோ சாமான்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று.

செகாவின் தாத்தாவும் அடிமையாக இருந்து, 1841இல் பணம் கொடுத்துக் குடும்பத்தை மீட்டவர்தான். 1876இல் செகாவின் அப்பா கடனுக்குப் பயந்து தாகன்ரோக்கிலிருந்து மாஸ்கோவுக்கு ஓடினார். வீடு கைமாறியது. குடும்பம் பின்னாலேயே கிளம்ப, பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டிய 16 வயது அந்தோன் மட்டும் ஊரில் நின்றுவிட்டான். இனி தங்களுடையது இல்லாத அதே வீட்டில், புதிய சொந்தக்காரரின் உறவுப் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினான். வண்டிகள் போனபின் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, ஃபீர்ஸ் செத்துப்போகிறாரா? பலரும் செத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பிரதியில் அப்படி இல்லை. அசையாமல் படுத்திருக்கிறார் என்று மட்டும் இருக்கிறது. அப்புறம் வானத்திலிருந்து வருவதுபோல, கம்பி அறுந்த ஒரு சத்தம் கேட்டுத் தேய்கிறது. பிறகு தோட்டத்தில் தூரத்தில் கோடரி விழும் ஓசை. கோடரிச் சத்தம் கேட்கிறது என்றால் கூப்பிடும் தூரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். பண்ணையைப் பார்த்துக்கொள்ள லோபாகின் எபிகோதவை நியமித்துவிட்டுப் போயிருக்கிறான். ஆக, ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில்தான் ஃபீர்ஸ் அடைபட்டுக் கிடக்கிறார். மறுநாள் யாராவது கதவைத் திறக்கலாம். ஆனால் பொறுப்பில் இருப்பவன், இவர் முன்னோர்களிடம் போக வேண்டியவர் என்று சற்று முன் சொன்ன அதே எபிகோதவ். நான் நம்பிக்கை வைக்க மாட்டேன், ஆனால் வாய்ப்பை மூடவும் மாட்டேன்.

அதனால்தான் ஃபீர்ஸாக நடிப்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதைப் பார்த்தால் எனக்கு ஒப்பவில்லை. வாழ்க்கை ஓடிப்போயிற்று, வாழாததுபோலவே இருக்கிறது என்ற வரியையும் பலர் அழுகுரலில் சொல்கிறார்கள். பிரதியில் அது முணுமுணுப்பு. அதற்கு முன்னால் கோட்டுக் கவலை, பின்னால் தன்னையே திட்டிக்கொள்ளும் ஒரு சொல். இதுவரை யாஷாவையும் மற்ற வேலைக்காரர்களையும் திட்டப் பயன்படுத்திய அதே வசவு. வேலையில் தவறிய பையனைக் கடிந்துகொள்வதுபோல, கயேவுக்குக் கோட்டு எடுத்துக் கொடுக்காத தன்னைக் கடிந்துகொள்கிறார். அந்த எரிச்சலோடு, கிழவருக்கே உரிய வேகத்தில் சொன்னால் போதும். மறுபடி படிக்கும்போது நான்காம் அங்கத்தை மட்டும் கையில் கடிகாரத்தோடு, வாய்விட்டு, 12 நிமிஷத்துக்குள் முடிக்கப் பாருங்கள். உங்கள் கோபம் அப்போதும் இருந்தால் அது யார் பக்கம் திரும்புகிறது என்று எனக்கு எழுதுங்கள்.